போர் விமானியின் மூட்டை

1942 ஆம் ஆண்டு ஏப்பிரல் 9 ஆந் திகதி முற்பகலில், மட்டக்களப்புக் கரைக்கு அப்பால் சில மைல் தூரத்தில், பிரித்தானியக் கடற்படையின் 'ஹேர்மிஸ்' என்னும் விமானந்தாங்கிக் கப்பல் இருபது நிமிடமளவில் மூழ்கிற்று. திருகோணமலைத் துறைமுகத்தை விட்டு அவசரமாகப் புறப்பட்ட அக்கப்பலில் அன்று ஒரு விமானமேனும் இருக்கவில்லை. அதன் விமானங்கள் கரையிலே நின்றுவிட்டன. இரத்மலானையிலிருந்து துணைக்கு அனுப்பிய புல்மார் விமானங்கள் வந்து சேர்ந்தபோது காப்பாற்றுவதற்குக் கப்பல் இல்லை. கப்பற்றலைவர் உட்பட 307 பேர் மாண்டனர். உடன்வந்த அவுஸ்திரேலிய நாசகாரிக் கப்பலான 'வம்பயர்' அதே கடலில் அமிழ்ந்தது. தப்பியவருள் ஏறக்குறைய அறுநூறு பேரை 'வீற்றா' என்னும் மருத்துவக் கப்பல் எடுத்துக் கொழும்புக்குக் கொண்டு சென்றது. நீந்தியே நமது கரையை அடைந்தோரும் சிலர் உளர்.

மாமாங்கேசுவரர் கோயிலாலும் ஆடியமாவாசைத் தீர்த்தத்தாலும் பெயர்பெற்ற அமிர்தகழிக்கு இது அயலூர்ச் செய்தியன்று. வாவி கடலோடு கூடும் முகத்துவாரமும், 1913 இல் எழுந்த வெளிச்சவீடும் இவ்வூருக்கு அண்மையிலேயே உள்ளன. எனினும், இக்கரையின் மாணவர் அப்போரைப் பற்றிப் படிக்கும்போது கண்டுகொள்வது என்ன? கப்பலின் நிறை, பீரங்கியின் விட்டம், குண்டுகளின் தொகை, தளபதிகளின் பெயர். இவற்றுக்கிடையே மனிதன் ஓர் இலக்கமாகச் சுருங்கிவிடுகின்றான். ஆகவே இக்கட்டுரையில் நாம் சிறியதொரு வினாவை எழுப்புகின்றோம். அன்று வானில் பறந்தவர், ஒருவர் மாத்திரம் அமரக்கூடிய அந்தக் குறுகிய பொறிக்குள், தமக்கென்று எதனை எடுத்துச் சென்றனர்? அற்பமான வினா என்று சிலர் நகைக்கலாம். அரசு ஒரு மனிதனுக்கு எதைக் கொடுத்து அனுப்புகின்றது, அவன் எதை ஒளித்து எடுத்துச் செல்கின்றான், அவனுடைய தாய் எதை அவன் இடுப்பிற் கட்டுகின்றாள் என்பன தெரியுமாயின், அந்தப் போரைப் பற்றிப் பெரும்பகுதி தெரிந்துவிடும் என்பது நமது எண்ணம்.

முதலில் வென்றவரைப் பார்ப்போம். நகுமோ என்னும் கடற்படைத் தளபதியின் கீழ் ஐந்து விமானந்தாங்கிகள் இந்து சமுத்திரத்துக்குள் நுழைந்திருந்தன. அன்று ஹேர்மிசைத் தேடி எண்பதுக்கு மேற்பட்ட பாய்குண்டு விமானங்கள் புறப்பட்டன. காவலாகச் சென்றவை 'சீரோ' என்று உலகறிந்த ஒற்றையிருக்கைப் போர் விமானங்கள். சீரோவின் சிறப்பு அதன் இலேசு. நெடுந்தூரம் பறக்கவும் விரைந்து திரும்பவும் வேண்டுமென்று அதன் எடையைக் குறைத்த பொறியியலாளர், விமானியின் முதுகைக் காக்கும் இரும்புத் தகட்டை விட்டனர். சூடு பட்டால் தானே துளையை அடைத்துக்கொள்ளும் எரிபொருட்டாங்கியையும் விட்டனர்.

இரும்பு இல்லாத அவ்விடத்தில் நூல் இருந்தது. யப்பானியப் போர்வீரர் பலர் சட்டைக்கடியில் வெண்துணிப் பட்டி ஒன்றை அணிந்தனர். ஆயிரம் பெண்கள் ஆளுக்கொரு முடிச்சாகச் செந்நூலால் தைத்த பட்டி அது. 1904-05 இன் உருசிய-யப்பானியப் போர்க்காலத்தில் பரவிய இவ்வழக்கம் இரண்டாம் உலகப்போரில் நாடெங்கும் பெருகிற்று. மகனுக்கோ கணவனுக்கோ அழைப்பாணை வந்ததும், வீட்டுப் பெண் துணியும் ஊசியுமாகப் புகையிரத நிலையத்திலும் கடைத்தெருவிலும் நின்று, வழிப்போகும் பெண்களிடம் ஒரு முடிச்சு இரந்து பெறுவாள். புலியாண்டிற் பிறந்தவளானால் தன் வயதின் அளவுக்குத் தைக்கலாம். புலி ஆயிரம் காதம் போயினும் தன் குகைக்கு மீளும் என்பது அந்நாட்டார் நம்பிக்கை. சிலர் பட்டியில் ஐந்து சென் நாணயத்தையும் வைத்துத் தைத்தனர். அவர்கள் மொழியில் நாலு சென் என்னுஞ் சொல்லும் மரண எல்லை என்னுஞ் சொல்லும் ஒரே ஒலியுடையன. ஐந்து சென் அந்த எல்லையைத் தாண்டியது. மூடநம்பிக்கை என்று இதனை ஒரு சொல்லில் ஒதுக்கிவிட நமக்கு மனம் வரவில்லை. நேர்த்திக்கடன் நூலை மகன் கையிற் கட்டும் தாய்மார் நமது ஊரிலும் உளர். நம்மை உறுத்துவது வேறு. எடையை மிச்சம் பிடித்த அரசு, அந்தத் தெருவோரப் பிச்சையைத் தேசபக்தி என்று மகளிர் சங்கங்கள் வாயிலாக ஒழுங்கு செய்தது. தகடு வார்க்கப் பணம் வேண்டும். முடிச்சுக்குத் தாயின் அச்சம் போதும்.

இனி, மறுபக்கம். இலங்கையைக் காத்த போர் விமானங்களுட் பெரும்பாலானவை ஹரிக்கேன்கள். அவற்றுட் பல, 1942 மார்ச்சுத் தொடக்கத்தில், 'இன்டொமிற்றபிள்' என்னுங் கப்பலின் தளத்திலிருந்து பறந்து இரத்மலானைக்கும் சீனக்குடாவுக்கும் வந்திறங்கியவை. அத்தகைய விமானமொன்றில் விமானி தன் வான்குடையையே ஆசனமாகக் கொண்டு அமர்வான். முன்னால் கருவிப் பலகை, முழங்காலிடையே செலுத்துதடி, பின்னால் கவசத்தகடும் வானொலியும். கைப்பெட்டி ஒன்றை வைக்க இடமில்லை. அவனுடைய பெட்டி தரைப் பணியாளரோடு கப்பலில் வரும். மாதங்கள் கழித்து வரும், அல்லது கடலடிக்குப் போகும். ஆகவே பல் துலக்கியும் சவரக்கத்தியும் ஒரு மாற்றுச் சட்டையும் எங்கே ஒடுங்கும் என்று தேடினர். உடற்பகுதியில் வானொலியைப் பார்க்கத் திறக்கும் சிறு கதவுக்குட் கொஞ்சம். இறக்கையில் துப்பாக்கி ரவைகளுக்கென விட்ட அறைகளுக்குட் கொஞ்சம். எந்த மூலையில் வைத்தால் செலுத்துகம்பியிற் சிக்காது என்பதை அறிந்தவன் எண்ணெய்க் கறை படிந்த கையுடைய தரைத் தொழிலாளி. விமானியின் வீரத்தைப் பாடும் நூல்கள் அத்தொழிலாளியின் கையைப் பற்றிப் பெரும்பாலும் பேசுவதில்லை.

அதே ஆண்டு, மத்தியதரைக் கடலில் முற்றுகைக்குள் அகப்பட்டிருந்த மால்ற்றாத் தீவுக்கு விமானந்தாங்கிகளிலிருந்து ஸ்பிற்பயர்கள் அனுப்பப்பட்டன. தூரம் மிகுதி, எடை குறைய வேண்டும். ரவைகளைக் குறைத்தனர். வெறுமையான ரவையறைகளில் விமானிகளின் சில்லறைப் பொருள்களும், தீவிலே கிடைக்காத சிகரெட்டுகளும் நிரம்பின. வழியில் எதிரி வந்தால் சிகரெட்டைக் கொண்டு சுட முடியாது. தெரிந்தே சென்றனர்.

யாவாவிலிருந்து தப்பியோருக்கு இந்தச் சிறு சலுகையும் வாய்க்கவில்லை. சிங்கப்பூரிலும் சுமாத்திராவிலும் யாவாவிலும் அடுத்தடுத்துத் தோற்ற 258 ஆம் அணியில் எஞ்சிய சிலரைக் கொண்டு, 1942 மார்ச்சு இறுதியில் அவ்வணி இலங்கையில் மீளவும் அமைக்கப்பட்டது. கொழும்பிலே செல்வர் குதிரைப் பந்தயம் பார்த்த திடலே அவர்களுடைய விமானத்தளம். ஏப்பிரல் 5 ஆந் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, யப்பானியர் கொழும்பைத் தாக்கியபோது அத்திடலிலிருந்து எழுந்த விமானங்களிற் பாதிக்கு மேற்பட்டவை வீழ்ந்தன.

இந்த 258 ஆம் அணியில், அது இங்கிலாந்தில் இருந்த 1941 ஆம் ஆண்டில், பறந்த ஓர் இந்தியரை இங்கே குறிப்பிடல் வேண்டும். அவர் மகிந்தர் சிங் புஜ்ஜி. 1918 இல் சிம்லாவிற் பிறந்தவர். சீக்கியரான அவர் விமானத்திலும் தலைப்பாகையைக் களைய மறுத்து, காதொலிக் கருவியை அதன்மேலேயே பொருத்திக்கொண்டார். அவருடைய விமானத்தில் எப்பொழுதும் இருந்த தனிப்பொருள் ஒன்று உண்டு: இன்னொரு தலைப்பாகை. வீழ்ந்து சிறைப்பட்டால், சிறையிலும் தலைப்பாகையோடு இருக்க வேண்டுமே! ஒருமுறை இங்கிலாந்தின் கரையோரத்தில் அவர் விமானம் நொறுங்கியபோது, தலையிற் சுற்றியிருந்த துணி குருதியில் தோய்ந்தது. அதன் தடிப்பே தலையைக் காத்ததென்று பிற்காலத்தில் அவர் கூறினார். தன் நாட்டை அடிமைப்படுத்திய பேரரசின் விமானத்தில் ஏறியவர், தம் தலையை மட்டும் அப்பேரரசின் உடைவிதிக்கு விட்டுக்கொடுக்கவில்லை. அதில் ஒரு முரண் உண்டு. நாஜிசத்தை எதிர்த்துப் போராடிய குடியேற்ற நாட்டு மனிதர் எல்லோரும் அந்த முரணைச் சுமந்தவரே. 2010 இல் அவர் காலமானார்.

பகைவர் நிலத்தின்மேற் பறக்கச் செல்லும் பிரித்தானிய விமானி, புறப்படுமுன் தன் சட்டைப்பைகளை வெறுமையாக்க வேண்டும் என்பது கட்டளை. கடிதம், நாட்குறிப்பு, புகையிரதச் சீட்டு, சினிமாச் சீட்டின் துண்டு எதுவும் இருத்தலாகாது. பிடிபட்டால் தளத்தின் இடம் வெளிப்பட்டுவிடும். கழுத்தில் அடையாளத் தகடு மாத்திரம் எஞ்சும். காதலியின் படத்தையும் முயற்பாதத்தையும் அந்தக் கட்டளைக்கு ஒளித்துக் கொண்டு போனவர் பலர். அவன் மீளாவிட்டால், அதற்கென்றே அமைந்த குழு ஒன்று வந்து அவன் கட்டிலருகேயுள்ள பெட்டியைத் திறக்கும். அரசின் உடைமை ஒரு புறம், அவன் உடைமை ஒரு புறம். மனைவிக்கோ தாய்க்கோ மனவருத்தந் தரக்கூடிய கடிதங்களை எடுத்துவிட்டு, எஞ்சியவற்றைப் பட்டியலிட்டு அனுப்புவர். ஒரே விமானத்தை ஓட்டினும் அதிகாரி வேறு, சார்சன்ற் வேறு. உண்ணும் கூடமும் உறங்கும் அறையும் சம்பளமும் வேறு. இறந்தபின் வந்த பெட்டிகளின் அளவிலும் அந்த வேறுபாடு தெரிந்திருக்கும்.

வேடிக்கைக் கதைகள் பல உள. ஜேர்மனிய விமானி அடொல்வ் காலண்ட் தம் விமானத்தில் சுருட்டுக் கொளுத்தும் கருவி பொருத்தியிருந்தார். 1944 இல் நோர்மண்டிக்குச் சென்ற ஸ்பிற்பயர்கள் குண்டு தொங்கவேண்டிய இடத்தில் பியர்ப் பீப்பாய்களைத் தொங்கவிட்டன. இரு கால்களையும் இழந்து பொய்க்காலோடு பறந்த டக்ளஸ் பேடர், 1941 ஓகத்தில் பிரான்சின்மேல் வான்குடையிற் குதித்தபோது, ஒரு கால் விமானத்துக்குள்ளேயே சிக்கி நின்றுவிட்டது. ஜேர்மனியர் இசைவோடு பிரித்தானியர் புதுக்காலொன்றை வானிலிருந்து போட்டனர். இத்தகைய கதைகளைப் படங்களும் நூல்களும் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. போரைக் கனவான்களின் விளையாட்டாகக் காட்டுவதற்கு இவை உதவுகின்றன என்பதனால் நாம் இவற்றில் நீடிக்கவில்லை.

ஒரு கதையை மாத்திரம் விரித்துச் சொல்லலாம். அதிலே மூட்டையாகக் கிடந்தவன் மனிதன். 1944 ஓகத்து 23 இல் உருமேனியா ஹிட்லரைக் கைவிட்டு அணி மாறியது. புக்காரெஸ்ற் சிறைமுகாம்களில் ஆயிரத்துக்கு மேற்பட்ட அமெரிக்க விமானப்படையினர் இருந்தனர். ஜேர்மனியர் குண்டு வீசிக்கொண்டிருந்தனர். இத்தாலியிலுள்ள தம் தளத்துக்குச் செய்தி போக வேண்டும். கைதிகளுள் மூத்தவரான ஜேம்ஸ் கன் என்பவரை ஏற்றிச் செல்ல உருமேனிய விமானி கன்ரக்குசீனோ முன்வந்தார். அவரிடம் இருந்ததோ ஒற்றையிருக்கை மெசர்ஷ்மிற். உடற்பகுதியிலிருந்த வானொலியைக் கழற்றினர்; ஒன்றரை அடி அளவான அந்தத் துவாரத்தினூடாக ஒரு லெப்டினன்ற் கேணலைத் திணித்து, கதவைத் திருகாணியால் முடுக்கினர். சுட்டு வீழ்த்தப்படாதிருக்க விமானத்தின் பக்கங்களில் அமெரிக்கக் கொடியை வரைந்தனர். ஓகத்து 27 ஆந் திகதி, இருளும் குளிருமான அந்தக் குழிக்குள் ஏறக்குறைய இரண்டு மணிநேரம் கிடந்து, கன் இத்தாலியை அடைந்தார். அடுத்த சில நாள்களில் பெருவிமானங்கள் சென்று கைதிகளை மீட்டு வந்தன. போர் விமானத்தின் வயிற்றிலே சென்ற சுமைகளுள் இதனினும் பெறுமதியான சுமையை நாம் அறியோம்.

அரசு கொடுத்த பொருள்களுக்கு வருவோம். பட்டுத்துணியில் அச்சிட்ட தேசப்படம். பொத்தானுக்குள் ஒளித்த திசையறிகருவி. கொஞ்சம் அந்நியப் பணம். இவற்றோடு ஒரு சீட்டு. "இதனைக் கொண்டு வருபவரைத் துன்புறுத்தாது எமது படையிடம் சேர்ப்பவருக்கு வெகுமதி வழங்கப்படும்" என்னுங் கருத்தில், அந்தந்த நாட்டு மக்களின் மொழிகளில் அது எழுதப்பட்டிருக்கும். பர்மாவின்மேற் பறந்தவரிடம் பர்மியம் முதலிய பல மொழிகளில் இருந்தது. சீனத்திற் போரிட்ட அமெரிக்கத் தொண்டர் விமானிகள் அதனைத் தம் தோற்சட்டையின் முதுகிலேயே தைத்துக்கொண்டனர்.

இச்சீட்டின் பிறப்பை நோக்குமிடத்து நமக்கு வேறொரு வரலாறு புலனாகின்றது. முதலாம் உலகப்போரின் பின், ஈராக்கையும் இந்தியாவின் வடமேற்கு எல்லையையும் ஆகாயத்திலிருந்தே அடக்கியாள்வது மலிவு என்று பிரித்தானிய ஏகாதிபத்தியம் கணக்கிட்டது. தரைப்படைக்குச் செலவு கூட, குண்டுக்குக் குறைவு. 1925 இல் வசீரித்தான் மலைகளில் மஹ்சூத் மக்களுக்கெதிராக நடந்த நடவடிக்கை முற்றிலும் விமானப்படையின் வேலை. கிராமத்தின்மேற் குண்டு வீசுபவனின் பொறி பழுதுற்றால் அவன் இறங்கவேண்டியது அதே கிராமத்தில். அவன் கையில் உருதுவிலும் பாரசீகத்திலும் பஷ்துவிலும் எழுதிய சீட்டைக் கொடுத்தனர். தமக்கு எந்த அங்கம் போய்விடும் என்று அஞ்சினரோ, அதன் பெயராலேயே படையினர் அச்சீட்டை அழைத்தனர்; அந்தப் பெயரை மாணவர் படிக்கும் ஏட்டில் எழுத இயலாது. நாம் கவனிக்க வேண்டியது இதுதான்: மேலே இருந்தபோது அந்த மக்களின் மொழி அவனுக்குத் தேவைப்படவில்லை. கீழே விழும்போதுதான் தேவைப்பட்டது.

அந்த மக்கள் என்ன செய்தனர்? வெகுமதிக்காகவும் உதவினர், வெகுமதி கேளாமலும் உதவினர். உதவியதற்கு அவர்கள் கொடுத்த விலை 1942 இலேயே தெரிந்தது. ஹேர்மிஸ் மூழ்கி ஒன்பதாம் நாள், ஏப்பிரல் 18 இல், டூலிற்றில் என்பவரின் தலைமையில் 16 அமெரிக்கக் குண்டு விமானங்கள் யப்பானைத் தாக்கின. (இங்கிருந்து தாய்நாடு திரும்பிக்கொண்டிருந்த நகுமோவின் கப்பல்களுக்கே அவர்கள் வந்த கப்பல்களைத் துரத்தும்படி கட்டளை போயிற்று, அது கைகூடவில்லை. அக்கப்பல்களில் மூன்று, இரண்டு மாதத்துக்குள், மிட்வேயில் மூழ்கின.) குண்டு விமானங்களுள் 15 சீனத்தில் வீழ்ந்தன. ஏழை விவசாயிகள் விமானிகளை ஒளித்து, ஊட்டி, தோளிற் சுமந்து கடத்தினர். நன்றிக்கு விமானிகள் தம் பையிலிருந்தவற்றைக் கொடுத்தனர்: நாணயம், கையுறை, சிகரெட்டுப் பெட்டி, வான்குடைத் துணி. பின்னர் யப்பானியப் படை அந்த மாகாணங்களுக்குள் நுழைந்து வீடு வீடாகச் சோதித்தபோது அப்பொருள்களே சாட்சிகளாயின. அவை அகப்பட்ட வீட்டார் சித்திரவதைக்கும் சாவுக்கும் உள்ளாயினர். அந்தப் படையெடுப்பில் மாண்ட சீனரின் தொகை இரண்டரை இலட்சம் வரை என மதிப்பிடப்படுகின்றது. ஒரு விமானியின் சட்டைப்பையில் சில அவுன்சாயிருந்த பொருள், குடியானவனின் குடிலில் ஏறியதும் அவ்வளவு பாரமாயிற்று.

அதே மாதங்களில் தமிழர் சுமந்த மூட்டைகளையும் இங்கே எண்ணிப்பார்த்தல் தகும். இரங்கூனிலும் பர்மாவின் நெல்வயல்களிலும் துறைமுகங்களிலும் உழைத்த இந்தியருள் நான்கு இலட்சத்துக்கு மேற்பட்டோர், பெருந்தொகையான தமிழர் உட்பட, 1942 இல் இந்தியாவை நோக்கி ஓடினர். கப்பலிலும் விமானத்திலும் இடம் முதலில் வெள்ளையருக்கு. நடந்து போகும் காட்டுவழியிலும் வெள்ளையருக்கு ஒன்று, இந்தியருக்கு மற்றொன்று என்று பிரித்தனர். பாத்திரம், பாய், சிறிது அரிசி, தோளிலே குழந்தை. வாந்திபேதியிலும் பசியிலும் பல்லாயிரவர் மலைப்பாதையில் வீழ்ந்தனர். முதலிற் பாத்திரத்தை விட்டனர், பிறகு பாயை. உயிர்த்த ஞாயிற்றின் குண்டுகளுக்குப் பிறகு கொழும்பிலிருந்தும், ஏப்பிரல் 9 இன் பின் திருகோணமலையிலிருந்தும் தொழிலாளர் வெளியேறினர். சென்னை நகரமும் மூட்டை கட்டிற்று. அங்கே தப்பிவிட்டாற் கேடு என்று மிருகக்காட்சிச்சாலையின் கொடிய விலங்குகளைச் சுட்டே கொன்றனர். இறந்த விமானியின் சவரக்கத்தியையும் பட்டியலிட்டுத் தாய்க்கு அனுப்ப ஒரு குழு வைத்திருந்த அதே அரசு, பர்மாப் பாதையில் விழுந்த கூலியாட்களுக்குப் பெயர்ப்பட்டியலும் வைக்கவில்லை.

ஹேர்மிஸ் இன்று மட்டக்களப்புக்கு அப்பால் ஐம்பது மீற்றருக்கு மேற்பட்ட ஆழத்திற் கிடக்கின்றது. பயின்ற முக்குளிப்போர் வெளிநாடுகளிலிருந்து வந்து இறங்கிப் பார்த்து மீள்கின்றனர். அதைச் சூழ்ந்த நீரில் இன்றும் நமது மீனவர் வலை வீசுகின்றனர். இத்தகைய வலையொன்றிலேதான் வேறொரு கடலில் ஒரு விமானியின் உடைமை மீண்டு வந்தது. 1944 யூலை 31 இல், பிரெஞ்சு எழுத்தாளரும் விமானியுமான செந்-எக்சுபெரி, படமெடுக்கும் பணிக்கென மாற்றியமைத்த ஒற்றையிருக்கைப் போர் விமானமொன்றிற் புறப்பட்டு மறைந்தார். எங்கே வீழ்ந்தார் என்று அரை நூற்றாண்டுக்கு மேலாக எவருக்கும் தெரியவில்லை. 1998 இல், மார்செய்க்கு அப்பால், மீனவர் ஒருவரின் வலையில் கருமை படிந்த வெள்ளிக் கைச்சங்கிலியொன்று சிக்கிற்று. அதில் அவருடைய பெயரும், அவர் மனைவி கொன்சுவேலோவின் பெயரும், நியூயோர்க்கிலுள்ள பதிப்பகமொன்றின் முகவரியும் பொறிக்கப்பட்டிருந்தன. கற்றோர் பலர் நம்பவில்லை. மோசடி என்றும் எழுதினர். பின்னர் முக்குளிப்பவர் ஒருவர் அதே கடலடியில் விமானத்தின் துண்டுகளைக் கண்டார். 2003 இல் அவை வெளியே எடுக்கப்பட்டன. ஒரு துண்டில் இருந்த தொடரிலக்கம் அவருடைய விமானத்தின் இலக்கமாகவே இருந்தது. மீனவர் சொன்னது மெய் என்று 2004 இல் ஒப்புக்கொண்டனர்.